எத்தனை கட்டை?

புது பேட்டரிக் கட்டை போட்டும் வீட்டு டார்ச் மங்கலாகவே எரிகிறது என்று மரியபுஷ்பம் சொல்லிக்கொண்டே இருந்ததால், செபஸ்தியான் மனைவியைக் கடைக்கே கூட்டிவந்துவிட்டார்.

“எத்தனை கட்டை டார்ச்சு வேணும்?” என்றார் கடைக்காரர்.

இரண்டு கட்டை டார்ச் அவள் கைக்கு அடக்கமாக இருந்தது. மூன்று கட்டைக்கு மணிக்கட்டு துவண்டது.

“கனந்தான். ஆனா இதுல நல்லாத் தெரியும்லா?”

கடைக்காரர் அதை வாங்கி உள்சுவரை நோக்கி அடித்தார். காலண்டரில் மாதாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. மரியபுஷ்பம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அண்ணாச்சி, இன்னும் கட்டை போடலியா?”

கடைக்காரர் செபஸ்தியானைப் பார்த்தார்.

“இப்பப் போட்டுருவாரு, இரு” என்றார் செபஸ்தியான்.

எரிகிற டார்ச்சை அணைக்காமலே, கடைக்காரர் மேல்தட்டிலிருந்த ஐந்து கட்டையை எட்டி எடுத்தார்.