சட்டையில் ஊதுபத்தி வாசம்

கோயில் பக்கமே போகாத ஆர்க்கிடெக்ட் யுகேந்திரனின் சட்டையில் மூன்று நாளாக ஊதுபத்தி வாசம்.

"யார் வீட்டுக்குப் போயிட்டு வர்றீங்க?" என்றாள் மனைவி குமுதா.

"யுனிவர்சிட்டி கட்டடத்துக்குத்தான்லா."

மறுநாள் ஜெலுத்தோங்கில் பஸ் ஏறி அங்கேயே போய்விட்டாள். மூன்றாவது மாடிப் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் குரல்.

"இன்னிக்கும் சாயலையே, சார்!"

படாரென்று கதவைத் திறந்தாள். யுகேந்திரன் கையில் எரியும் ஊதுபத்தி. பக்கத்தில் பெண் இன்ஜினியர்.

"குமுதா, அங்கேயே நில்லு! கதவை மூடாத!"

"மாட்டிக்கிட்டீங்களா?"

"புகை சாயுதுலா! ஏர்கோன் இல்லாத இந்த வகுப்புக்குள்ள காத்து ஓடுதான்னு நாலு நாளா கொளுத்திப் பாக்கிறோம். நீ கதவைத் திறந்தப்புறம்தான் ஓடுது!"

அதுவரை நேராக எழுந்த புகை குமுதாவின் முகத்துக்கே வந்தது. அதே வாசம்.