ஒன்பதாம் நம்பர் ஜன்னல்

பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு பல் டாக்டர் சிரித்தாள். முப்பத்திரண்டும் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாருக்கு எந்த வீடு என்று இன்றைக்குத்தான் சொல்கிறார்கள். வீடு கட்டும் சங்கத்துக் குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்தன.

பழைய நகரத்துக்கு நடுவில், இருநூறு வருஷச் சுவருக்குப் பின்னால் பன்னிரண்டு வீடு, எல்லோருக்கும் ஒரே சமையலறை. யோசனை ஆர்க்கிடெக்டான என் வீட்டுக்காரருடையது. வரைபடத்தில் கோடு போட்டது நான். நாங்கள் சங்கத்து ஆட்கள் இல்லை, வரைந்து கொடுத்தவர்கள்.

தெருப்பக்கச் சுவரை இடிக்கக்கூடாது, புதிதாக ஓட்டை போடக்கூடாது என்று பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதில் இருப்பது ஆறே ஜன்னல். காலை வெயில் முழுசாக விழுகிற மூலை ஜன்னலை இவர் ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குக் கொடுத்திருந்தார்.

ஒன்பதாம் நம்பர் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா என்ன?

சங்கச் செயலாளர் என்ற பெயரில் தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள் இந்த டாக்டர். இவர் போனோடு மாடிக்குப் போய்விடுவார். நான் போனால் பேச்சு நின்றுவிடும். என் காதில் விழுந்தது 'ஒன்பதாம் நம்பர்' மட்டும்தான். ஒரே வாரத்தில் மூன்று தடவை அவள் க்ளினிக்குக்குப் போனார். கேட்டால் பல்வலியாம். பல்வலிக்காரர் வீட்டுக்கு வந்து வேர்க்கடலை கொறித்தார்.

நான் பதினெட்டு வருஷமாக ஜன்னலில்லாத அறையில், பட்டப்பகலில் ட்யூப் லைட் போட்டு வரைகிறேன். அவளுக்குக் காலை வெயிலா? வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு பெயர் எதற்கு?

ஆபீஸுக்கு அனுப்பும் கடைசி வரைபடத்தில் ஒரே ஒரு சுவரை இரண்டடி தள்ளினேன். ஜன்னல், துணி துவைக்கிற பொது அறைக்குப் போய்விட்டது. அழுக்குத் துணி வெயில் காயட்டும்.

இவர் பார்க்கவில்லை. என் கோட்டை இவர் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

வரைபடம் ஆபீஸிலிருந்து முத்திரை குத்தி இன்று காலையில்தான் வந்தது. சுருட்டியது சுருட்டியபடி இவர் கொண்டுவந்திருந்தார். இனி யார் நினைத்தாலும் ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது. அவள் முகம் தொங்குவதைப் பார்க்கவே முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தேன்.

டாக்டர் வரிசையாகப் படித்தாள். தனக்கு இரண்டாம் நம்பர் என்றாள். அது பின்பக்கம், ஜன்னலே கிடையாது. எனக்குப் புரியவில்லை.

"ஒன்பது உங்களுக்குத்தான்," என்றாள் என்னைப் பார்த்து. "உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சார் சத்தியம் வாங்கிட்டாரு. உங்களைச் சங்கத்துல சேர்க்கச் சொல்லி எங்களை ஒரு வழி பண்ணிட்டாரு."

எல்லோரும் கை தட்டினார்கள். இவர் வெட்கத்தோடு வரைபடத்தை என் முன்னால் விரித்தார். ஜன்னலைக் காட்ட விரலை வைத்தார். விரல் சுவர் மேலேயே போய்ப் போய் வந்தது.

"ஆபீஸ்லதான் மாத்தியிருக்காங்க," என்றார் மெதுவாக. "நீ போட்ட கோட்டுல தப்பு வராது."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.