சுத்தமான வண்டி

டிரைவர் முதலில் கறுப்பு ஒயரைக் கழற்றினார், பிறகு சிவப்பை.

ஆம்புலன்ஸ் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் உப்புப் பூத்து, வெள்ளையும் பச்சையுமாக அப்பிக் கிடந்தது. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினார். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது.

பழைய டூத் பிரஷால் இடுக்கு விடாமல் தேய்த்தார்.

பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். போன வாரம் நெஞ்சுவலிக்காரர் ஒருவர் இதே வண்டியில், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்துபோனார். கூட வந்த மகள் புகார் கொடுத்திருந்தாள்.

அன்று அவரை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால், டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். டிரைவர் குதித்து ஓடி, பானெட்டைத் தூக்கி, முனையைச் சுரண்டி, ஸ்பேனரால் தட்டி வண்டியைக் கிளப்புவதற்குள் பதினோரு நிமிடம் போய்விட்டது.

பேட்டரியில் ஆசிட் கசிகிறது, எத்தனை முறை துடைத்தாலும் நாலே நாளில் மறுபடி பூத்துவிடுகிறது, மாற்றிக் கொடுங்கள் என்று மூன்று மாதமாக மேனேஜரிடம் வாய் வலிக்கச் சொல்லியிருந்தார். எழுதிக் கொடுக்கத் தோன்றவில்லை.

இன்று எல்லாவற்றையும் அதிகாரியிடம் அப்படியே காட்டிவிட வேண்டும் என்றுதான் வந்தார். ஆனால் மேனேஜர் தானே வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"அழுக்கா இருந்தா டிரைவர் வண்டியக் கவனிக்கலைன்னுதான் எழுதுவாங்கண்ணே. இருபது வருஷமா எடுத்த பேரு கெட்டுடும்."

'யோவ் டிரைவர்' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய். அண்ணே என்றதும் இவருக்கு மனசு இளகிவிட்டது.

உப்புத்தாள் போட்டு ஈயம் மின்னும்வரை தேய்த்தார். நல்ல தண்ணீரால் அலசி, ஈரம் போகத் துடைத்தார். சிவப்பை முதலில் மாட்டி, அப்புறம் கறுப்பை மாட்டி, இறுக்கி, மறுபடி பூக்காமலிருக்க மேலே வாஸ்லின் தடவினார். செய்கிற வேலையைத் திருத்தமாகச் செய்தே பழக்கம்.

அதிகாரி வந்தார். குனிந்து பேட்டரியைப் பார்த்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மேனேஜர் முந்திக்கொண்டார். "வண்டியக் குழந்தை மாதிரி பாத்துக்குவார் சார். ஒரு நாளும் மக்கர் பண்ணினதில்ல."

டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி புகார்க் கடிதத்தைப் பிரித்து ஒரு வரியைப் படித்துக் காட்டினார். பின்னாலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்ததை அந்த மகள் எழுதியிருந்தாள்: அப்பா துடித்துக்கொண்டிருந்தார்; பதினோரு நிமிடம் டிரைவர் சீட் காலியாக இருந்தது.

"அந்தப் பதினோரு நிமிஷம் எங்க போயிருந்தீங்க?"

"வண்டி ஸ்டார்ட் ஆகலை சார்."

சீராக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அதிகாரி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு எழுதத் தொடங்கினார்.