ஏழாவது சீசா

"இது குழாயடி இல்லட்டி, மூத்திரச் சீசா. இதையுமா முந்தித் தள்ளுத?"

பக்கத்து வீட்டுப் பேராச்சி கேட்டதை ஆறுமுகத்தாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மஞ்சள் சேலைக் கிழிசலை மூடியாகத் திணித்திருந்த தன் கிரைப் வாட்டர் சீசாவை, முன்னால் நின்ற பன்னீர்ச் சீசாவுக்கு முந்தி நகர்த்தி வைத்தாள்.

"ஒரு இடந்தான தள்ளினேன். அது பாயோட சீசா. அவரு பெரிய மனுசர், ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எனக்குக் குழாயில தண்ணி நிக்கதுக்குள்ள போவணும்."

தாராவியில் விடிந்தால் வரிசையில் நிற்பது மனிதர்கள் அல்ல, தகர டின்கள். டின்னை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். திரும்பி வருவதற்குள் ஆறுமுகத்தாயின் டின் மட்டும் எப்படியோ முன்னேறியிருக்கும். அதற்காக அவள் வாங்காத வசவு இல்லை. அந்தக் கை இங்கே வந்து மட்டும் சும்மா இருக்குமா?

ஜெயினுலாப்தீன் பாய் தோல் அடுக்கிவைக்கும் கிட்டங்கி வாசலில், பெஞ்சின் மேல் இருபது சீசாக்கள் நின்றன. தெருச் சங்கமும் பள்ளிவாசல் ஜமாத்தும் சேர்ந்து சர்க்கரைச் சோதனைக்கு ஒரு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கிக் கூப்பிட்டும் வந்தது அவ்வளவுதான். சர்க்கரை வியாதி பணக்காரனுக்கு வருவது, தோல் சுமக்கிறவனுக்கு எதற்குச் சோதனை என்று மற்றவர்கள் வேடிக்கை பார்க்க மட்டும் வந்திருந்தார்கள். நாலு பேருக்குத் தைரியம் வரட்டும் என்று பாய் தன்னுடையதையும் கொண்டுவந்து வைத்திருந்தார். சீசாக்கள் நின்ற வரிசைப்படி பெயர்களை நோட்டில் எழுதி முடித்துவிட்டு, ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போன கம்பவுண்டர் கோமதிநாயகத்தை இன்னும் காணோம்.

ஆறுமுகத்தாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் புருஷன் பூதத்தான் இதே கிட்டங்கியில் தோல் சுமக்கிறவன். குதிகால் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. நாளைக்கு ஒரு பானைத் தண்ணீர் குடிக்கிறான். ஊரில் அவளுடைய சித்தப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. காலை எடுத்தும் அவர் பிழைக்கவில்லை. 'எனக்கு என்னட்டி, கல்லு மாதிரி இருக்கேன்' என்றவனிடம் காலையில் சண்டை போட்டு வாங்கி வந்த சீசா அது.

ஒருவழியாகக் கோமதிநாயகம் வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தார்.

"இந்த நீல மருந்துல சொட்டு விட்டுக் காய்ச்சுவேன். நீலமாவே இருந்தா பயமில்ல. செங்கல் கலருக்கு வந்தா சர்க்கரை."

கூட்டம் பெஞ்சை மொய்த்துக்கொண்டது. தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஆறுமுகத்தாய் பின்னால் நின்றாள். பார்க்கத் தைரியம் இல்லை, கேட்டால் போதும். காய்ச்சிய கண்ணாடிக் குழலை அந்தந்தச் சீசாவுக்கு முன்னால் வைத்துவிட்டு, நோட்டைப் பார்த்துப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார் கோமதிநாயகம். ஆறு பேருக்கும் நீலம்.

ஏழாவதில் அவர் குரல் தயங்கியது.

"பாய்... உங்களுக்குச் செங்கல் கலரு."

பாய் கையில் இருந்த சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"இதுல மறைக்கதுக்கு என்ன இருக்கு? நேத்து வரைக்கும் தெரியாது, இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே என் சாயாவுல சீனி கிடையாது. கல்லு மாதிரி நிக்குத எனக்கே இருக்குன்னா, சும்மா நின்னு பாக்குதவங்க எத்தனை பேருக்கு இருக்கோ. போய்ச் சீசாவக் கொண்டாங்கப்பா."

"எட்டு, பூதத்தான். நீலம்" என்றார் கோமதிநாயகம்.

ஆறுமுகத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. பாயை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊர்ச் சாமி ஒன்று விடாமல் கும்பிட்டாள். புருஷனுக்குக் கால் தப்பியது.

இருபதும் முடிந்தது. பாய் சொன்னது உறைத்து, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சீசா தேடி வீட்டுக்கு ஓடினார்கள். பெஞ்சைச் சுற்றிக் கூட்டம் கலைந்தது.

"முடிஞ்சவங்க சீசாவ எடுத்துக்கிடுங்க" என்றார் கோமதிநாயகம்.

குழாயில் தண்ணீர் நிற்க இன்னும் நேரம் இருந்தது. ஆறுமுகத்தாய் வேகமாக வந்து கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

எட்டாவது குழல் பளிச்சென்று நீலமாக இருந்தது. அதன் பின்னால் நின்றது பன்னீர்ச் சீசா. ஏழாவது குழல் செங்கல் நிறத்தில் இருந்தது. அதன் பின்னால், அவள் காலையில் தன் கையால் நகர்த்தி வைத்த இடத்திலேயே, மஞ்சள் கிழிசல் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாய்" என்றாள். தன் சீசாவை எடுத்துக்கொண்டாள். "உங்க சாயாவுல சீனி போட்டுக்கிடுங்க."