முதல் கொப்புளம்

"ஏனுங்க சார், புள்ளைங்க மூஞ்சியப் பாத்தீங்களா? இதுக்குத்தான் உங்களை நம்பி விட்டுட்டுப் போறோமா?"

முதல்ல கத்தினது நான்தான். கத்தாம என்ன செய்யறது? என் பையன் சபரீஷுக்கு மூக்குக்குக் கீழ, உதட்டு ஓரம், தாடையிலன்னு ஒரே புண்ணு. அவனைச் சேர்த்து ஆறு குழந்தைங்களுக்கு. சரவணம்பட்டியில இருக்கற அந்த ப்ளே ஸ்கூல்ல மொத்தமே இருபது குழந்தைங்கதான்.

ஸ்கூல் நடத்தற திருமூர்த்தி சார் பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போய் ஒரு குழந்தை டாக்டரையே கையோட கூட்டிட்டு வந்துட்டார். அந்தம்மா ஒவ்வொரு புள்ளையா ஜன்னல் வெளிச்சத்துல நிக்க வச்சுப் பாத்தாங்க.

"அம்மைங்களா டாக்டர்?" அக்ஷயாவோட அப்பா அருள்குமார் கேட்டார்.

"இல்லீங்க. அக்கியும் இல்லை. யாரும் செம்மண்ணைக் குழைச்சுப் பூசிப்போடாதீங்க. இது கிருமித் தொத்து. முதல்ல சின்னக் கொப்புளம் வரும். உடைஞ்சா தேன் காஞ்சாப்பல மஞ்சப் பொருக்குக் கட்டும். அதுதான் அடையாளம். வெதுவெதுன்னு தண்ணியில நனைச்சு மெதுவாத் துடைச்சுட்டு, நான் எழுதற ஆயின்ட்மென்ட்டைப் போடுங்க. அதிகமா இருக்கறவங்களுக்கு உள்ளுக்கும் மருந்து குடுக்கணும். நகத்தை ஒட்ட வெட்டுங்க, துண்டு தனியா வைங்க. ரெண்டு நாள் மருந்து போட்டப்புறம் நான் பாத்துட்டுச் சொல்றேன், ஸ்கூலுக்கு அனுப்பலாம்."

"பயப்பட ஒண்ணுமில்லீங்களே?"

"ஆரம்பத்துலயே காட்டினா ஒண்ணுமில்லை. மறைச்சு வச்சாத்தான் ஊருக்கே பரவும்."

சீட்டு எழுதிக் குடுத்துட்டு டாக்டர் கிளம்பிட்டாங்க. பிரச்சினை அதோட முடிஞ்சிருக்கணும். முடியலை.

"சரி, இது யாருகிட்ட இருந்து வந்துச்சு?" அருள்குமார் விடறதா இல்லை. அவருக்கு மெயின் ரோட்டுல மருந்துக்கடை. "ஆயா சாயிரா பானு போன புதன்கிழமையே என் கடையில இதே ஆயின்ட்மென்ட்டை வாங்கிட்டுப் போச்சுங்க. அது புள்ளை ஹிபாவுக்குன்னு. அப்ப நம்ம புள்ளைங்க யாருக்கும் ஒண்ணுமில்லை. கணக்கு சரியா வருதுங்களா?"

எல்லாரும் திரும்பிப் பாத்தோம். சமையல்கட்டு வாசல்ல சாயிரா நின்னுட்டிருந்தா. ஹிபாவும் அதே ஸ்கூல்தான், ஆயா புள்ளைன்னு ஃபீஸ் கிடையாது. புருஷன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த வேலையும் போச்சுன்னா ஆத்தாளுக்கும் மகளுக்கும் அடுத்த வேளைக்கு வழியில்லை. அது அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"ஏம்மா, உம்புள்ளைக்குத்தான் முதல்ல வந்துச்சா?" சார் கேட்டார்.

"வந்த அன்னைக்கே பெரியாஸ்பத்திரியில காட்டிப்போட்டேனுங்க சார். அப்புறம் அவளை இங்க கூட்டிட்டே வரலீங்க. எங்கக்கா ஊட்டுல விட்டிருக்கேனுங்க."

"அதுக்கு முந்தின நாள் வரைக்கும் கூட்டிட்டு வந்தீல்ல?" நான் விடலை.

சாயிரா என்னைப் பாத்தா. ஒரே ஒரு பார்வைதான். நான் குனிஞ்சு சபரீஷ் சட்டைப் பொத்தானைச் சரி பண்ணினேன்.

"இங்க பாரும்மா," சார் குரல் இறங்கிருச்சு. "ஹிபாவுக்கு யாருகிட்ட இருந்து ஒட்டுச்சுன்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சாச் சொல்லிரு. இல்லைன்னா இவங்களை என்னால சமாளிக்க முடியாது."

சாயிரா தலைத்துணியை இழுத்து விட்டுக்கிட்டா.

"தெரியலீங்க சார்."

"தெரியாதாம்!" அருள்குமார் எந்திரிச்சுட்டார். "ஆயாவை மாத்துங்க சார். இல்லாட்டி நாங்க வேற ஸ்கூல் பாத்துக்கறோம்."

திருமூர்த்தி சார் நெத்தியைத் தேச்சுக்கிட்டே இருந்தார். "சரிங்க. மாத்தணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க."

ரெண்டு மூணு பேர் தயங்கினாங்க. நான் தயங்கலை. நான் தூக்கினதைப் பாத்துட்டு அவங்களும் தூக்கினாங்க.

சாயிரா அழுவான்னு நெனச்சேன். அழலை. உள்ள போய் சாப்பாட்டுப் பையை எடுத்துட்டு வந்து, என் பக்கத்துல வந்தப்ப மட்டும் நின்னா.

"லோகப்பிரியாக்கா, தம்பிக்கு மருந்தை முழுசாப் போடுங்க. காஞ்சிருச்சுன்னு பாதியில நிறுத்திப்போடாதீங்க."

"கொழுப்பைப் பாத்தீங்களா! வேலை போயும் உங்களுக்குப் புத்தி சொல்லிட்டுப் போகுது," அப்படின்னார் அருள்குமார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, இவங்க புள்ளைங்க யாருக்கும் ஒண்ணும் இல்லாதப்ப, சபரீஷ் மூக்குக்குக் கீழ ஒத்தைக் கொப்புளம். "இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிருங்கக்கா"ன்னு ஸ்கூல் கேட்டுலயே என்னை நிறுத்திச் சொன்னது சாயிரா.

அந்த வெள்ளிக்கிழமை அவிநாசியில அவனுக்குக் காதுகுத்து. மண்டபம் புடிச்சு, நானூறு பேருக்குப் பத்திரிகை வச்சு, தாய்மாமன் சீரோட துபாய்ல இருந்து வந்து இறங்கியாச்சு. மூஞ்சியில கொப்புளம்னு பெரியவங்க கண்ணுல பட்டா, அம்மை போட்டிருக்கு, ஆத்தா வந்திருக்கா, காது குத்தக்கூடாதுன்னு நிறுத்திப்போடுவாங்க. பவுடரை அப்பி ஸ்கூலுக்கு அனுப்பினேன். சாயிரா அவனை மத்த புள்ளைங்ககிட்ட விடாம, அவளால முடிஞ்ச வரைக்கும் தன் மடியிலயே வச்சுக்கிட்டா. அந்த மடியிலதான் ஹிபாவும் தூங்குவா.

"விசேஷம் முடிஞ்சாலும் யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது சாயிரா, உம்புள்ளை மேல சத்தியம் பண்ணு"ன்னு அவ கையைப் புடிச்சுக் கெஞ்சினவ நான்தான்.