திரளாத பால்கோவா

"அத்தை, எவ்ளோ நேரமா கிண்டுறேன், திரளவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று பக்கத்து வீட்டு சந்தியா கூப்பிட்டாள்.

நிர்மலா வந்து வாணலியை எட்டிப் பார்த்தாள்.

"சர்க்கரைய முன்னாடியே கொட்டிட்டியா கண்ணு? அதான்."

"இன்னும் போடவே இல்லீங்க."

"அப்ப வாணலி சரியில்ல."

"எங்க மாமியாரோட வாணலிங்க. அவங்க காதுல விழுந்துச்சு, அவ்ளோதான்!" சந்தியா சிரித்தாள்.

நிர்மலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "யாருக்கு இவ்ளோ பால்கோவா?"

"உங்க மஞ்சுவுக்குத்தாங்க. மாசமா இருக்கறவ, போன் பண்ணி வாய் விட்டுக் கேட்டா. ஓசூர்ல பஸ் ஏறிட்டாளாம். மாரண்டஹள்ளி வந்து இறங்கறதுக்குள்ள முடிக்கணும்."

நிர்மலா அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"எனக்குத்தான் கைப்பக்குவம் வரலை போல" என்றாள் சந்தியா. "பாலைக் குத்தம் சொல்ல முடியுமா? நீங்க கறந்து ஊத்துன பாலாச்சே!"

நிர்மலா நிமிரவே இல்லை. நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்காமல் கிண்டிக்கொண்டிருந்தாள். மகளின் பஸ் வருவதற்குள், காலையில் அந்தப் பாலில் வழக்கம்போல் தான் கலந்த ஒரு செம்புத் தண்ணீர் வற்றியாக வேண்டும்.