ஒன்பதாம் பக்கம்

நேற்று மாலை மூடும்போது அறிக்கை பதின்மூன்று பக்கம். இன்று காலை திறந்தால் பதினான்கு. மூன்று நாளாக இதே கூத்து.

சூப்பர்வைசர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மவுசை உருட்டினான். எட்டாம் பக்கம் வரை சரி. ஒன்பதாம் பக்கத்தில் வாட்ச்மேனின் வாக்குமூலம் மறுபடியும் வந்து சட்டமாக உட்கார்ந்திருந்தது.

'பின்கதவைப் பூட்டியது நான் இல்லை. அதற்கு இருப்பது ஒரே சாவி. அது சூப்பர்வைசர் கையில்தான் இருக்கும்.'

அவன் கை தானாகப் போய்ச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

கிடங்கில் தீப்பிடித்துப் பத்து நாளாகிறது. பூட்டிக் கிடந்த பின்கதவுக்குப் பக்கத்தில் இரண்டு சுமை தூக்குபவர்கள் புகையில் சுருண்டு விழுந்தார்கள். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்கள். விசாரணை அறிக்கை இன்று நாலு மணிக்குத் தலைமை அலுவலகம் போகவேண்டும். பதின்மூன்று பக்கமாகப் போனால் வாட்ச்மேனின் வேலை போகும். பதினான்காகப் போனால் சூப்பர்வைசரின் வேலைக்கே உலை.

திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“அக்கா, தீ விபத்து ரிப்போர்ட்ல நீங்க ஏதாவது கை வெச்சீங்களா?”

டைப்பிஸ்ட் அக்கா மேலாளரின் கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். “எதுக்குத் தம்பி கேக்குறீங்க?”

“புதுசா ஒரு பக்கம் முளைச்சிருக்கு.”

“பக்கம் என்ன காளானா, ராத்திரியில முளைக்க? திங்கக்கிழமை அடிச்சுக் குடுத்ததோட என் வேலை முடிஞ்சுது. சரிபார்க்கிறது நீங்கதானே?” கீபோர்டை இன்னொரு குத்து குத்தினாள். “எனக்கு இதோட மாரடிக்கவே நேரம் போதல. பழைய டைப்ரைட்டர்னு நெனைச்சுக் குத்துறாரு மனுஷன். இந்த வாரத்துல என்டர் பட்டன் ரெண்டு தடவை மாட்டிக்கிச்சு.”

“அவரு கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறதே மணி பார்க்கத்தானே?”

“மெதுவாப் பேசுங்க, காது நல்லாவே கேக்கும் அவருக்கு.”

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு ஒட்டவில்லை. மழை நாளில் வாட்ச்மேன் இவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு கேட் வரை வருவதை அவன் பார்த்திருக்கிறான். குடைக்கு நன்றிக்கடனாக ஒரு பக்கம் சொருகமாட்டாளா?

ஆவணத்தில் மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினான். வாக்குமூலத்துக்குக் கீழே, பக்கத்தின் அடிவரை, எறும்பு வரிசை மாதிரி என்டர் குறிகள். எண்ணினான். இருபத்தேழு.

இது அக்காவின் கைவரிசை இல்லை. அடுத்த பக்கம் போக அவள் இரண்டு பட்டனைச் சேர்த்து ஒரு தட்டு தட்டுவாள், புதுப் பக்கம் வந்து நிற்கும். இப்படி மாடு உழுகிற மாதிரி வரி வரியாக இறங்குவது தொழில் தெரியாத ஆள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஸ்டோர் பதிவேட்டின் மேல் குனிந்திருந்தான் வாட்ச்மேனின் மருமகன். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒரு தடவை நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தான், சட்டென்று குனிந்துகொண்டான்.

ஆள் அகப்பட்டுவிட்டான் என்று பட்டது. முதலில் பக்கம் போகட்டும், அப்புறம் இவனைக் கவனித்துக்கொள்ளலாம்.

மேலாளர் அறைக்கதவு திறந்தது. “அம்மா, இந்தத் தபாலைக் கொஞ்சம் நேர்லயே குடுத்துட்டு வந்துடுங்க. அப்படியே அந்த ஸ்டோர் பையனையும் கூட்டிட்டுப் போங்க, பார்சல் கனமா இருக்கு.” பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நானும் சாப்பிடக் கிளம்புறேன்.”

ஐந்து நிமிடத்தில் மாடியே காலி. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

சூப்பர்வைசர் வாக்குமூலத்தின் முதல் எழுத்திலிருந்து இருபத்தேழாவது என்டர் வரை நிழல் பூசி, டெலீட் பட்டனில் ஒரே தட்டு. பத்தாம் பக்கம் ஒன்பதானது, பதினொன்று பத்தானது. எண்கள் தாமாகவே நகர்ந்து ஒழுங்காக நின்றன. காகிதமாக இருந்தால் கிழித்த தடமாவது இருக்கும். சேமித்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

“என்னப்பா, எத்தனை பக்கம் வருது?”

நாற்காலி கிறீச்சிட்டது. மேலாளர் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“பதின்மூணு, ஐயா.”

“திங்கக்கிழமை பதினாலு இருந்துச்சே?”

“ஐயா, நானே சொல்லணும்னு இருந்தேன். யாரோ தினமும் நடுவுல ஒரு பக்கத்தைச் சொருகுறாங்க. முழுக்கப் பொய். எனக்கு அந்த மருமகன் மேலதான் சந்தேகம். அடுத்த பக்கம் போகக்கூடத் தெரியல, என்டரைத் தட்டியே இறங்கியிருக்கான். ரிப்போர்ட் நாலு மணிக்குப் போகணுமேன்னு நான்தான் சுத்தம் பண்ணேன்.”

“ரிப்போர்ட் நேத்தே போயிடுச்சுப்பா. பதினாலு பக்கமா.”

“அப்போ... இது?”

மேலாளர் தன் தடித்த ஆள்காட்டி விரலால் மேசையில் டக்கு டக்கென்று தட்டினார்.

“சொருகுனது நான். உருவுறது யாருன்னு பார்க்கணும்ல?”